ஒற்றை நட்சத்திர ஊர்

பட்டாசுக் கடைக்காரர்களுக்கு ஐப்பசி மாதத்தில் இரண்டு பயம். ஒன்று மழை. இன்னொன்று கூகுள் மேப்பில் வந்து விழும் ஒற்றை நட்சத்திரம். மழை காலங்காலமாக இருக்கிற பயம். நட்சத்திரம் இந்தப் பத்து வருஷத்தில் வந்தது.

சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசுக் கடைகளின் பக்கங்களைத் திறந்து பாருங்கள். ராக்கெட் சாய்ந்து போனது, பூச்சட்டி பாதியில் அணைந்தது என்ற வழக்கமான குறைகளுக்கு நடுவில் வேறொரு வகைப் புகார் இருக்கும். பணம் அனுப்பி இருபது நாள் ஆச்சு, சரக்கு வரலை, போனை எடுக்க மாட்டேங்கிறாங்க, திருட்டுக் கும்பல். எழுதியவர் பொய் சொல்லவில்லை, அவர் பணம் போனது நிஜம். ஆனால் அது அந்தக் கடைக்குப் போகவில்லை. கடையின் பெயரையும் படத்தையும் எடுத்து எவனோ எங்கிருந்தோ நடத்திய போலி இணையதளத்துக்குப் போயிருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எண்பது, தொண்ணூறு சதவீதத் தள்ளுபடி என்று இப்படிப்பட்ட தளங்கள் முளைப்பதும், சைபர் குற்றப் பிரிவு எச்சரிக்கை விடுவதும் இப்போது வருஷாவருஷம் நடக்கிற சடங்காகிவிட்டது. ஏமாந்தவர் கூகுளில் தேடும்போது கண்ணில் படுவது நிஜக் கடைதான். கோபம் அங்கே இறங்குகிறது.

என் மாமா ஒருவர் இப்படி ஒரு கடை வைத்திருக்கிறார். போன வருஷத்துக்கு முந்தின தீபாவளி நேரத்தில் அவர் கடைக்கு நாலு நாளில் ஏழு ஒற்றை நட்சத்திரங்கள் வந்தன. "இவன் மூஞ்சியவே நான் பாத்ததில்ல. இவனுக்கு நான் என்னத்தப்பா பதில் எழுத?" என்று போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

அந்தக் கேள்வி என்னைப் பழைய விஷயங்களைத் தேடிப் படிக்க வைத்தது. ஏனென்றால் சிவகாசிக்கு இது புதிய நிலைமை இல்லை. தன் சரக்கை வாங்கியவர்கள், வாங்காதவர்கள், இனி வாங்கவே மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தவர்கள் என எல்லோரிடமும் நாற்பது வருஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் ஊர் அது. அந்தத் திட்டுகளில் அநியாயமானவை உண்டு, நியாயமானவையும் உண்டு. பெரும்பாலானவற்றில் இரண்டும் கலந்திருந்தன. எதற்கு ஊர் பதில் சொன்னது, எதற்குச் சொல்லாமல் விட்டது என்று பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது.

மார்க்

கதையைத் தீப்பெட்டியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மானம் பார்த்த கரிசல் பூமி, வருஷத்தில் பெரும்பகுதி வெயில். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த அந்த வறட்சி குச்சி காயவைக்க வரமாக ஆனது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சகம் வந்தது. இன்று நாம் சிவகாசி காலண்டர், சிவகாசி டைரி என்று சொல்வதெல்லாம் அந்த லேபிளின் வாரிசுகள்தான்.

அந்த லேபிள் அலங்காரத்துக்காக ஒட்டப்பட்டது இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளருக்கு அதுதான் உத்தரவாதம். சேவல் மார்க், அணில் மார்க் என்று படத்தை வைத்துத்தான் கேட்டு வாங்கினார்கள். போன தடவை நல்லாப் பத்துச்சு, அதையே கொடுங்க அண்ணாச்சி என்பதுதான் அன்றைய ஐந்து நட்சத்திரம். வேற கொடுங்க என்றால் ஒற்றை நட்சத்திரம். விமர்சனம் கடைக்காரரின் காதில் விழுந்தது, அவர் வழியாக ஏஜென்டுக்கும் ஆபீசுக்கும் போய்ச் சேர்ந்தது. (எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்.) சொன்னவர் யார், எந்தச் சரக்கைப் பற்றிச் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். நமுத்துப் போன பண்டலுக்கு மாற்றுப் பண்டல் போனால் விஷயம் முடிந்தது.

எண்பதுகளில் வந்த விமர்சனம் இந்த வழியில் வரவில்லை. அது ஒரு மார்க்கின் மேல் வரவில்லை, ஊரின் மேல் வந்தது.

இரண்டு எண்கள்

சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்று ஒரு பட்டம் உண்டு. நேரு சொன்னது என்பார்கள். ஊர்க்காரர்கள் நெஞ்சில் குத்திக்கொண்ட பதக்கம் அது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. பதக்கத்தைத் திருப்பிக் காட்டிய தலைப்பு.

தீப்பெட்டி, பட்டாசு ஆபீஸ்களில் குழந்தைகள் வேலை பார்ப்பது பற்றி அதற்கு முன்பே அறிக்கைகளும் கட்டுரைகளும் வரத் தொடங்கியிருந்தன. அவற்றில் அடிக்கடி வந்த எண் 45,000. ஊர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. மிகைப்படுத்தல், வெளிநாட்டுச் சதி, இயந்திரத் தீப்பெட்டிக் கம்பெனிக்காரன் வேலை என்றெல்லாம் பேச்சு ஓடியது. 1986இல் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கின் தீர்ப்பில் வேறொரு எண் இருக்கிறது. 1985 டிசம்பர் 31 கணக்குப்படி அந்தப் பகுதியில் பதிவு செய்த 221 தீப்பெட்டி ஆலைகள், 27,338 தொழிலாளர்கள், அதில் 2,941 பேர் குழந்தைகள்.

45,000 எங்கே, 2,941 எங்கே? முதல் எண்ணைப் பொய் என்று சொல்ல இரண்டாவது எண் போதும் என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே பொருளை எண்ணவில்லை. 2,941 என்பது பதிவேட்டுக்குள் இருந்தவர்கள், அதுவும் தீப்பெட்டி ஆலைப் பதிவேட்டுக்குள் மட்டும். கிராமம் கிராமமாக வீட்டுத் திண்ணைகளில் பெட்டி ஒட்டியவர்களும் கட்டையில் குச்சி அடுக்கியவர்களும் அதில் வர மாட்டார்கள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பைக் குழந்தைகளுக்குத் தடை செய்த வேலைகளின் பட்டியலில் வைத்தது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு கொடுத்தது.

என் பெரியம்மா இதைச் சட்டப் பிரிவு எதுவும் தெரியாமலேயே சொல்வார். "ஒம்பது வயசுல பெட்டி ஒட்ட ஒக்காந்தேன். ஒரு குரோசுக்கு இவ்வளவுன்னு காசு. எந்த ஆபீசுலயும் எம்பேரு கெடையாது." குரோஸ் என்றால் 144 பெட்டி. அவர் ஒட்டிய பெட்டிகளுக்குக் கணக்கு இருந்தது, அவருக்கு இல்லை.

இதில் ஒரு நிஜமான அநியாயமும் இருந்தது. குழந்தைகள் அதிகம் இருந்தது தீப்பெட்டி வேலையில். ஆனால் வட இந்தியப் பள்ளிகளில் பின்னாளில் எடுக்கப்பட்ட உறுதிமொழி பட்டாசுக்கு எதிராக. தீப்பெட்டி எல்லா அடுப்படியிலும் இருந்தது, அதை யாரும் புறக்கணிக்கவில்லை. ஊர் இந்த அநியாயத்தைப் பற்றி நிறையப் பேசியது. 45,000 என்பது தப்பு என்று நிறையப் பேசியது. 2,941 மட்டும் சரியா என்ற கேள்விக்கு வந்தபோதுதான் பேச்சு குறைந்தது.

1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை பார்த்துத் தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் செலுத்த வேண்டும். இதோடு 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், மதிய உணவு, கையால் செய்த வேலைகளுக்கு வந்த இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் குழந்தைகளை ஆபீஸ்களிலிருந்து படிப்படியாக வெளியே கொண்டுவந்தன. இங்கே குழந்தைத் தொழிலாளர்கள் இல்லை என்று வாசலில் பலகை வைத்ததால் பெயர் மாறவில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்ற நிலைமை வந்தபோது மாறத் தொடங்கியது.

புகை

அடுத்த விமர்சனம் டெல்லியில் இருந்து வந்தது. 2015இல் மூன்று கைக்குழந்தைகளின் பேரில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலான அர்ஜுன் கோபால் வழக்கு. 2016 நவம்பரில் டெல்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனை உரிமங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2017 செப்டம்பரில் தளர்வு, அடுத்த மாதமே மறுபடி தடை. 2018 அக்டோபர் 23 அன்று வந்த உத்தரவு நாடு முழுவதற்குமானது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, தீபாவளியன்று இரண்டு மணி நேரம் மட்டும் வெடிக்கலாம், புகை குறைவான பசுமைப் பட்டாசு மட்டும் செய்யலாம்.

இதிலும் ஊர் சொன்ன பதிலில் நியாயம் இருந்தது. டெல்லிக் குளிர்காலக் காற்றில் வண்டிப் புகை, சாலைத் தூசி, வைக்கோல் எரிப்பு எல்லாம் இருக்கும்போது ஒரு ராத்திரி வெடிக்கிற பட்டாசு மட்டும் எப்படிக் குற்றவாளி ஆனது? 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே, வாகனங்களால் வரும் மாசையும் பட்டாசால் வரும் மாசையும் ஒப்பிட்டு ஏதாவது ஆய்வு இருக்கிறதா, வாகனம் அதிகம் மாசுபடுத்தும்போது பட்டாசின் பின்னாலேயே ஏன் ஓடுகிறீர்கள் என்று மத்திய அரசைப் பார்த்துக் கேட்டது. 2018 தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த சமயம் அது. சிவகாசிக்காரர்கள் அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருப்பார்கள்.

ஆனால் அந்தக் கேள்வியால் பேரியம் திரும்பி வரவில்லை. வண்டி அதிகம் புகைக்கிறது என்பது, பட்டாசு புகைக்கவில்லை என்று ஆகிவிடாது. ஊருக்கு வழி திறந்தது வேறொரு வேலையால். நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் மாற்றுக் கலவைகளை உருவாக்கியது. நுண்துகள் மாசு ஏறத்தாழ 30 சதவீதம் குறையும் என்றார்கள். 2019 தீபாவளிக்கு முன் அவை விற்பனைக்கு வந்தன, பெட்டியில் பச்சை முத்திரையோடும் க்யூஆர் கோடோடும். இதில் சின்ன வேடிக்கை ஒன்று உண்டு. வாணவெடியில் பச்சை நிறத்தைத் தருவதே பேரியம்தான். பசுமைப் பட்டாசு என்ற பெயர் வாங்க, பச்சையைக் கொடுத்த உப்பை விட வேண்டியிருந்தது.

க்யூஆர் கோடு என்பது பழைய சேவல், அணில் மார்க்கின் அடுத்த தலைமுறை. நம்பு என்று சொல்வதற்குப் பதிலாக, நீயே சோதித்துப் பார் என்று வாடிக்கையாளர் கையில் கொடுப்பது. அதனால்தான் அடுத்து நடந்தது இவ்வளவு கெடுதல் செய்தது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆறு உற்பத்தியாளர்களிடம் முதற்கட்ட விசாரணை நடத்தச் சொல்லி சிபிஐயிடம் கேட்டது. தடை செய்த பேரியம் இருப்பதாகவும் பெட்டியில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இல்லை என்றும் அறிக்கை வந்தது. நிறுவனங்கள் அதை மறுத்தன. ஆனால் 2021 அக்டோபர் 29 அன்று, பசுமைப் பட்டாசு என்ற பெயரில் தடை செய்த சரக்கை விற்க விட முடியாது என்று நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது.

ஊருக்கு எதிரான அத்தனை விமர்சனங்களிலும் இதுதான் ஆழமான காயம் என்று நினைக்கிறேன். மற்றவை வெளியாட்கள் சொன்னவை. இது லேபிள் சொன்ன பொய். சிலர் ஒட்டிய தப்பான லேபிள், ஒழுங்காகக் கலவை போட்ட அத்தனை பேருடைய லேபிளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. இருந்தும் 2025 அக்டோபரில் டெல்லியில் சில நாட்களுக்கு மட்டும் பசுமைப் பட்டாசு அனுமதிக்கப்பட்டபோது, நீதிமன்றம் பிடித்துக்கொண்டது அந்த க்யூஆர் கோட்டைத்தான். வாதத்தால் திறக்காத கதவு, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு சின்னக் கட்டத்தால் கொஞ்சம் திறந்தது.

சிவகாசிக்குச் சாதகமாகக்கூடப் பொய் பரவியது உண்டு. தீபாவளி வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். சீனப் பட்டாசில் ஆஸ்துமா வரவைக்கும் விஷ வாயுவை அடைத்து இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள், உள்துறை அமைச்சகமே சொன்னது என்று. அப்படி எதுவும் சொல்லவில்லை என்று அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே மறுத்தது. சீனப் பட்டாசை எதிர்க்க நிஜமான காரணம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. இந்தியாவில் பட்டாசுக்குத் தடை செய்யப்பட்ட, லேசான உராய்வுக்கே வெடிக்கும் குளோரேட் கலவை அதில் இருந்தது. நிஜக் காரணம் கையில் இருக்கும்போது பொய்யை ஃபார்வேர்டு செய்தவர்கள் எங்கள் ஊர்க் குழுக்களிலும் இருந்தார்கள். நமக்கு எதிரான பொய்யை மட்டும் அநியாயம் என்று சொல்லும் பழக்கம் எல்லா வியாபாரத்திலும் உண்டு.

மாமா எழுதிய பதில்

இப்போது அந்த ஏழு நட்சத்திரங்களுக்கு வருகிறேன். மாமா முதலில் சொல்லச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஏமாந்தவனின் அறிவைப் பற்றியது அது. "டைப் பண்ணு"ன்னு நின்னார். நான் டைப் பண்ணவில்லை.

அந்த விமர்சனங்களை நீக்கச் சொல்லி கூகுளிடம் புகார் செய்தோம். விதிமீறல் இருந்தால்தான் அங்கே நீக்குவார்கள். கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தது. எழுதியவர் நிஜமான ஆளா, நிஜமாக வாங்கினாரா என்று தளங்கள் சரிபார்ப்பதற்கான வழிமுறைகள் அதில் உள்ளன. ஆனால் அது விருப்பத்தின் பேரில் பின்பற்றுவது, கட்டாயமில்லை. அவதூறு வழக்கு? பணம் இழந்த ஒரு ஆசிரியர் மேலோ ஆட்டோ டிரைவர் மேலோ வழக்குப் போட்டு ஜெயித்த கடையில் யார் பட்டாசு வாங்குவார்கள்?

ஆக, பதில்தான் மிச்சம். நான் எழுதிக் காட்டினேன். நீங்கள் பணம் இழந்திருப்பது வருத்தம். அது எங்கள் பெயரைத் திருடிய போலித் தளம். உடனே 1930க்கு அழையுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். எங்கள் உரிமத்தின் படத்தைப் போட்டிருக்கிறோம், கடை எண்ணும் அதில் இருக்கிறது. கடைசி வரி: நாங்கள் ஆன்லைனில் விற்பதில்லை.

மாமா அந்தக் கடைசி வரியிலேயே நின்றார். 2018 உத்தரவு இணைய வணிகத் தளங்களில் பட்டாசு விற்பதையும் தடை செய்தது. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். விலைப்பட்டியல் இணையத்தில் இருக்கும். ஆர்டர் என்று சொல்லாமல் எஸ்டிமேட் என்பார்கள். வாட்ஸ்அப்பில் பேசி, ஜிபேயில் வாங்கி, லாரி செட்டில் போட்டுவிடுவார்கள். மாமாவும் போட்டிருக்கிறார். "விக்கிறதில்லன்னு எழுதுனா பொய்யில்ல?" என்று அவரே கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்மளப் பாத்துத்தான அவனும் கத்துக்கிட்டான்" என்றார்.

அவன் என்றது போலித் தளக்காரனை. முகம் தெரியாத எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டுச் சரக்குக்காகக் காத்திருக்கும் பழக்கத்தை வாடிக்கையாளருக்கு உண்டாக்கியது ஊர்க் கடைகள்தான். திருடன் அந்தப் பழக்கத்தின் மேல் கடை போட்டான். ஏழு பேரும் தப்பான ஆளைத் திட்டினார்கள் என்பது சரி. ஆனால் அந்தத் திட்டில் மாமாவுக்குரிய பங்கும் கொஞ்சம் இருந்தது.

அந்த வருஷமே அவர் வெளியூர் முன்பணத்தை நிறுத்தினார். வியாபாரம் குறைந்தது, எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை. பதிலின் கடைசி வரியை இப்படி மாற்றினோம்: இனி கடைக்கு நேரில் வருபவர்களுக்கு மட்டுமே விற்கிறோம், யாரிடமும் முன்பணம் வாங்குவதில்லை, எங்கள் பெயரில் யாராவது கேட்டால் அது நாங்கள் இல்லை. ஏழு பேரில் இரண்டு பேர் தங்கள் விமர்சனத்தைத் திருத்தினார்கள். ஐந்து அப்படியே இருக்கின்றன. ஆனால் அதைப் படிப்பவர்கள் கீழே உள்ள பதிலையும் படிக்கிறார்கள். பதில் எழுதுவது திட்டியவருக்காக மட்டும் இல்லை, அடுத்து வரப்போகிறவருக்காகவும்தான்.

நட்சத்திரம் விழாத இடம்

இத்தனை விமர்சனங்களிலும் வராத ஒன்று இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியில் மறுபடி. நடுவில் நடந்தவற்றைப் பட்டியல் போட்டால் இந்தக் கட்டுரை போதாது. பட்டாசு வாங்குகிற யாரும் இதற்காக ஒற்றை நட்சத்திரம் போடுவதில்லை. அவர் கையில் இருக்கிற மத்தாப்பு நன்றாகத்தான் எரிகிறது.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வெளிவரும் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். உரிமம் ஒருவர் பேரில், தயாரிப்பு குத்தகைக்கு எடுத்த இன்னொருவர் கையில். அனுமதித்ததைவிட அதிகம் பேர் ஒரே அறையில். தீபாவளி ஆர்டருக்காக அவசரம். ஊர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: எல்லோரும் அப்படி இல்லை, ஒரு சிலர் செய்யும் தப்பு. அது உண்மை. 45,000 மிகை என்பது உண்மையாக இருந்தது மாதிரி, வண்டிப் புகை அதிகம் என்பது உண்மையாக இருந்தது மாதிரி உண்மை. புகாரில் உள்ள அநியாயமான பகுதிக்குச் சொல்லப்பட்ட சரியான பதில் அது. மிச்சப் பகுதிக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.

பெட்டியில் ஒரு க்யூஆர் கோடு இருக்கிறது. உள்ளே என்ன உப்பு என்று அது சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் வரைக்கும் போய்ச் சண்டை போட்டுவிட்டார்கள். இது எந்த ஆபீசில் செய்தது, உரிமம் யார் பேரில், அங்கே நிஜமாக நடத்துவது யார், ஒரு அறையில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதையும் அதே கட்டத்தில் போடலாம். தொழில்நுட்பமாக அது பெரிய காரியம் இல்லை. மாமாவிடம் சொன்னேன். "அதப் போட்டா பாதிப் பேரு சரக்கு வெளிய வராதுய்யா" என்றார். பிறகு, மறுபாதிக்கு நல்ல வெலை கிடைக்கும் என்றும் அவரே சொன்னார்.